கறுப்பு அரைஞாண்

பிணவறை வாசலில் போலீஸ்காரர் கொடுத்த பிளாஸ்டிக் பையை நல்லம்மாள் மடியில் கவிழ்த்தாள். லாரிச் சாவி, செல்போன், கசங்கிய ஒரு காகித உறை. உறையில் சங்ககிரிக் கடையொன்றின் பெயர். அதன் கீழே 'குழந்தை அரைஞாண், கறுப்பு'. உள்ளே ஒன்றுமில்லை.

"ஏந் தம்பி, இது யாருக்கு?"

கொழுந்தன் நந்தகுமார் காதைத் தேய்த்தான். "எனக்கெப்படித் தெரியுமுங்க அண்ணி?"

பொய் சொல்லும்போதுதான் அவன் காதைத் தேய்ப்பான்.

உறை காலி என்றால், கயிறு ஏதோ ஒரு பிள்ளையின் இடுப்பில் இருக்கிறது. அழுகை வருவதற்குள் அந்த நினைப்பு குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

சங்ககிரிப் பக்கத்துச் சூளையிலிருந்து மண் சிலைகளை ஏற்றிக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு லாரியில் சென்னைக் கடற்கரையில் நடக்கும் சிலைக் கண்காட்சிக்கு வந்தார்கள். இறக்கியதும் தம்பி திரும்பிவிட்டான். அவள் புருஷன் அங்கமுத்து திரும்பவில்லை. டயர் வெடித்துவிட்டது, ரோட்டோரம் நிற்கிறேன் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். போனில் அலைச் சத்தம் கேட்டது. அது என்ன சத்தமென்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நேற்று அந்த மணலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

"பாடி குடுக்க மத்தியானம் ஆகுமாமுங்க. ஒரு வாய் டீயாச்சும் குடிங்க."

"டீ கெடக்குது. அவரு உழுந்த எடத்தக் காட்டு."

"அங்கெதுக்குங்க இப்ப?"

"அங்க யாரு இருக்கறா?"

நந்தகுமார் ஆட்டோவைக் கூப்பிட்டான்.

மணல் நெடுகச் சிலைகள். இரும்பில் ஒரு மீன், தலையில்லாத ஒரு கல் பெண், அதற்கு அப்பால் மண்ணில் செய்த மனிதர்கள். ஜனங்கள் அவற்றோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடைக்குக் கீழிருந்து, கழுத்தில் அட்டை தொங்க, ஒரு இளம்பெண் எழுந்து வந்தாள்.

"நீங்க லாரி அண்ணனோட வீட்ல இருந்தா வர்றீங்க?"

"ஆமா. நீ யாரு?"

"சௌமியா. சிலைங்களப் பாத்துக்கறேன்மா."

நல்லம்மாள் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கொழந்த இருக்குதா உனக்கு?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலம்மா."

"அதுக்கென்ன?"

"அண்ணீ!" என்றான் நந்தகுமார்.

சௌமியாவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் மெதுவாகவே சொன்னாள். "வந்ததுலேந்து அவரு இங்கயேதாம்மா உக்காந்திருந்தாரு."

"யாருகூட?"

அவள் கையைக் காட்டினாள்.

'தொடாதீர்கள்' என்ற பலகைக்குப் பக்கத்தில், முழங்கால்களை மடக்கி மல்லாந்து கிடந்தது ஒரு மண் குழந்தை. இடுப்பில் கறுப்புக் கயிறு.

"தொடக் கூடாதுன்னு சொன்னேன். 'உருவாரம் வெறும் இடுப்போட கெடக்கக் கூடாது சாமி'ன்னு கட்டிட்டாரு. இது கோயில்ல வேண்டிக்கிட்டு வெக்கற மண் பொம்ம இல்லண்ணேன்னேன். சிரிச்சாரு. சிற்பி வந்து பாத்துட்டு, இருக்கட்டும்னுட்டாரு."

நந்தகுமார் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஏத்தும்போதே இத மட்டும் துணி சுத்திக் கேபின்ல வெச்சுக்கிட்டாருங்க. உங்ககிட்டச் சொல்லாதடான்னாரு."

அவர்களும் ஒருமுறை கோயிலில் இப்படியொரு மண் குழந்தையை வைத்து வேண்டிக்கொண்டார்கள். பெண் பிறந்தது. அரைஞாண் கட்டும் நாள் வருவதற்குள் போய்விட்டது. பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை. அவர் மறந்துவிட்டார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

இன்னும் நம்பாதவள்போல் குனிந்து முடிச்சைப் பார்த்தாள். லாரித் தார்ப்பாய்க்கு அவர் போடுகிற முடிச்சு. வீட்டுத் துணிக்கொடியிலும் இதுதான்.

"தொடாதீங்..." என்று தொடங்கிய சௌமியா நிறுத்திக்கொண்டாள்.

நல்லம்மாள் மணலில் உட்கார்ந்தாள். கயிற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். வளர இடம் விட்டுத்தான் கட்டியிருந்தார்.