எப்படியும் ஜெயிச்சுடுவா

அது வெயில் காலம் என்றுதான் நினைவு. மழை கொட்டியது என்று சாதிக்கிறவர்களும் உண்டு. எந்த வார்த்தையை யார் முதலில் சொன்னார்கள் என்பதும் இப்போது குழம்புகிறது. நடந்தது மட்டும் நடந்ததுதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் போர் தண்ணீர் துரு நிறத்தில் வரும். சோறு வடித்தால் சோறும் அதே நிறம். குடிக்கிற தண்ணீரைத் தணிகாசலத்தின் டேங்கர் லாரியில் காசு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். ஈஸ்வரி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஒரு நாள் என்ஜினியர் ஜீப்புக்குக் குறுக்கே குடத்தோடு உட்கார்ந்து, மெயின் ரோடு வரை குழாயைக் கொண்டுவந்துவிட்டாள். தெருவுக்குள் திருப்புவதற்குக் கவுன்சிலர் மனசு வைக்க வேண்டும். அதனால் அவளே கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். எதிரே தணிகாசலம். அவனை நிறுத்தியது, ஈஸ்வரியின் புருஷன் அரசப்பன் மீசை முளைத்த நாளிலிருந்து கொடி பிடிக்கிற கட்சி.

"தண்ணி விக்கிறவன் எந்தூர்ல குழா போட்டான்?" என்று தெருவே சிரித்தது. "ஈஸ்வரிக்கா தான். இதுல இன்னா சந்தேகம்?"

முடிவு வந்தது. தணிகாசலம் ஜெயித்தான். ஈஸ்வரிக்கு விழுந்த ஓட்டு அவள் சொந்தக்காரர்கள் அளவுக்குக்கூடத் தேறவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு முத்தம்மாள் துக்கம் விசாரிக்கிறவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள்.

"நீ எப்படியும் ஜெயிச்சுடுவன்னு நெனச்சுக்கினு எங்க ஊட்டு ஓட்ட கட்சிக்குப் போட்டுட்டேன்டி. எங்க மாமனார் காலத்துக் கட்சி. சின்னத்தப் பாத்தா கை தானா போவுது."

"உங்க மாமனார் உசுரோட கீறாரா?"

"அவரு செத்து எத்தினி வருஷம் ஆவுது!"

"அவருக்குத் தண்ணி வேணாம். உனக்கு?"

முத்தம்மாள் முந்தானையைத் திருகினாள். அடுத்து, எதிர்க்கட்சிக்காரன் பீட்டர் வந்தான்.

"எங்காளுக்கு டெபாசிட்டாவது மிஞ்சட்டும்னு போட்டேன்க்கா. உனக்குத்தான் ஊரே போடுதே."

இப்படியே ஒவ்வொருவராக. அடுத்தவன் அவளுக்குப் போட்டுவிடுவான் என்று நம்பி, ஆளாளுக்குத் தன் கட்சி மானத்தைக் காப்பாற்றியிருந்தார்கள். தாகமெடுத்தால் நாய்கூடத் தண்ணீர் இருக்கிற பக்கம்தான் போகும் என்று ஈஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

அரசப்பன் மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் கட்சிக் கொடியை மடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கியது.

"நீயுமா?"

"பொண்டாட்டிக்காவ கட்சிக்குத் துரோகம் பண்ணான்னு பேரு வந்துடும்ல?"

"பொட்டிக்குள்ள போட்டது எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே," என்றான். குரலில் பெருமை இருந்தது.

திட்டுவதற்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும். ஈஸ்வரி எழுந்து உள்ளே போய்த் துணிகளை மூட்டை கட்டினாள்.

குழாய் இன்னும் மெயின் ரோட்டிலேயே நிற்கிறது. தணிகாசலம் இன்னொரு லாரி வாங்கிவிட்டான். பீட்டர் கட்சி மாறி அவன் பின்னாலேயே சுற்றுகிறான். முத்தம்மாளுக்குச் சிறுநீரகத்தில் கல். அரசப்பனுக்கு வட்டப் பிரதிநிதி பதவி கிடைத்தது. தண்ணீரை இன்னும் காசு கொடுத்துத்தான் பிடிக்கிறான். ஈஸ்வரி மீஞ்சூரில் வாடகைக்கு இருக்கிறாள். அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது.