பெல்ட்டில் ஊற்றிய எண்ணெய்

சுங்கை பினாங் எண்ணெய் மில்லில் எந்திரத்தைத் தொடும் உரிமை முனுசாமி அண்ணன் ஒருவருக்குத்தான். நாங்களெல்லாம் கொப்பரை கொட்டுகிறவர்கள், டின் தூக்குகிறவர்கள். வெள்ளைக்காரன் ஓடி ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே சட்டம். ஆனால் போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிக்க ஆரம்பித்ததும் ஒன்று புரிந்தது. எந்திரம் தெரிந்தவனை விட்டுவிடுகிறார்கள். டின் தூக்குகிறவனை லாரியில் ஏற்றுகிறார்கள். என் வீட்டுக்காரர் ராமதாஸ் டின் தூக்குகிறவர். நான் முனுசாமி அண்ணனிடம் போய் நின்றேன்.

"அண்ணே, உங்க வேலைய ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுக் குடுங்க. அப்ப எல்லாருமே எந்திர ஆளுங்கதானே?" என்று நேராகவே கேட்டேன்.

"அப்புறம் நான் எதுக்கு? என்னையும் சேர்த்து ஏத்திருவான் லா, புஷ்பவள்ளி!" என்று முறைத்தார்.

முறைத்த மனுஷன் மறுநாளே எண்ணெய்க் குப்பியை என் கையில் கொடுத்தார். பெல்ட்டை ராமதாஸிடம் ஒப்படைத்தார். தங்கமான மனிதர்!

அதன்பிறகு எங்கள் வேலையே வேறாகிவிட்டது. தினமும் துடைத்தோம், முடுக்கினோம், சத்தத்தை வைத்தே கோளாறைச் சொன்னோம். எந்திரம் நிற்பதே அரிதானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் காலையில் ஜப்பான் அதிகாரி லாரியோடு வந்துவிட்டான். எல்லாரும் எந்திர ஆட்கள் என்று முனுசாமி அண்ணன் மலாயில் சொன்னதை அவன் நம்பவில்லை. ராமதாஸை வாசலுக்குத் தள்ளினான். இவன் இல்லாமல் ஓட்டிக் காட்டு, ஓடினால் இவன் சயாமுக்கு என்றான்.

ஐயோ, ஓடுமே! சற்றுமுன்தான் ராமதாஸ் பெல்ட்டைக் கச்சிதமாக இழுத்துக் கட்டியிருந்தார். எந்திரமும் சமர்த்தாகக் கிளம்பியது. அதிகாரி லாரியைக் கை காட்டினான். நான் வழக்கம்போல எண்ணெய் விடக் குனிந்தேன். குப்பியைப் பெல்ட்டின் உட்பக்கத்தில் கவிழ்த்தேன். வீலென்று எந்திரத்தின் அலறல்! வழுக்கிய பெல்ட் சக்கரத்தை விட்டுக் கழன்று தரையில் அறைந்தது. அதிகாரி துள்ளிக் குதித்தான். அவன் இல்லாவிட்டால் இப்படித்தான் துவான் என்று முனுசாமி அண்ணன் அதிகாரியிடம் கத்தினார்.

ராமதாஸை உள்ளே விட்டார்கள். பெல்ட்டைத் தொட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாம்பல் போட்டுத் துடைத்து, மாட்டி, இழுத்துக் கட்டினார். எந்திரம் ஓடியது. லாரி காலியாகவே திரும்பியது.

வேலை முடிந்து வீடு போய்ச் சேரும் வரை ராமதாஸிடம் எனக்குத் திட்டுதான்.

"பெல்ட்டுல போயி எவளாச்சும் எண்ணெய் ஊத்துவாளா? அறிவிருக்கா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "திட்டுங்க, நல்லாத் திட்டுங்க," என்று அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.