சேஸிஸ் நம்பர் கேட்டவள்

மனைவியின் உடலுக்குச் சட்டை மாட்டி மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது தங்கை வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, உனக்கென்ன கிறுக்கா? நல்ல புடவை கட்டியாச்சு. அதுக்கு மேல கடை யூனிஃபார்ம் சட்டையா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

"புடவை நான் வாங்கிக் கொடுத்தது. இந்தச் சட்டை அவளே படிச்சு வாங்கினது."

கட்டிலில் கிடந்த மனைவிக்கு ஐம்பத்தைந்து வயது. காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் முடிந்துவிட்டது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் முதலில் சிரித்தவன் அவன்தான். வண்டிச் சாமான் விற்க ஆறு மாதப் படிப்பா, நட்டு போல்ட்டுக்கெல்லாம் பட்டமா என்று. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்கால வகுப்பு. மகன் வயதுக்காரர்களோடு ஒரே பெஞ்சு. அடுப்படியில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் கேட்லாக்.

முதல் செய்முறைத் தேர்வில் ஃபெயில். மாடலைக் கேட்டு பிரேக் பேட் எடுத்து வைத்தவள், வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரைக் கேட்கவில்லை. அந்த மாடலுக்கு நடு வருஷத்தில் பேட் மாறியிருந்தது; எந்த வண்டிக்கு எது என்று அந்த நம்பர்தான் சொல்லும். ரோட்டில் ஒருத்தனைக் கொன்றிருப்பீர்கள் என்றாராம் தேர்வாளர். மறுநாளே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டாம் முறை வகுப்பிலேயே முதல்.

அதற்கப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. அவள் கவுண்டரில் நம்பர் சொல்லாதவனுக்குச் சாமான் கிடையாது. முதலாளியே வந்து நின்றாலும் சரி.

வாசலில் செருப்புச் சத்தம். பட்டறைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேலையைப் போட்டது போட்டபடி வந்திருந்தார்கள். 'கிரீஸ்' என்று எல்லாரும் கூப்பிடும் மூத்த மெக்கானிக் சட்டையைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"உங்க அண்ணிகிட்ட நான் வாங்காத திட்டில்லம்மா. ஒரு தடவை அவசரம்னு பக்கத்துக் கவுண்டர்ல பிரேக் சாமான் வாங்கிட்டுப் போயிட்டேன். பில்லைப் பார்த்துட்டு ஆட்டோ பிடிச்சு பட்டறைக்கே வந்துட்டாங்க. மாட்டின சக்கரத்தைக் கழட்ட வச்சாங்க. தப்புச் சாமான்."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ஸ்கூல் வேன்மா அது."

தங்கை குனிந்து அடுத்த பொத்தானைப் போட்டாள். காலரையும் சரிசெய்தாள்.

பாடை தூக்குவதற்கு நாங்களும் வரலாமா என்று கிரீஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவன் சரியென்று தலையசைத்தான்.

எல்லாரும் பின்பக்கக் குழாயடிக்குப் போனார்கள். ஒரே சோப்பைக் கைமாற்றிக் கைமாற்றித் தேய்த்தார்கள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. கிரீஸ் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் சோப்பை எடுத்தார்.