நூலகத்தில் நான்கு பசுக்கள்

"சிரிக்கிறதுக்கு உனக்கு வேற நாளே கிடைக்கலையா?"

"அந்த மாதிரி இன்னொரு நாள் இல்லையே மாமா."

"வந்துடக் கூடாதுன்னுதானே நானும் வேண்டிக்கிட்டிருந்தேன்."

சாப்பாட்டு மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவே பழைய நாளிதழ் ஒன்றின் ஜெராக்ஸ் விரிந்து கிடந்தது. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டதைப் போல, மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமா என் அம்மாவின் அண்ணன். அந்த நாளிதழில் தலைப்புப் போடும் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே அலுவலகத்தின் ஞாயிறு இணைப்பில் நான் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். ஏதாவது ஒரு பழைய நாளின் தலைப்புகளை எடுத்து வேடிக்கையாக எழுதும் பகுதியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். என் பெயரில் வரப்போகும் முதல் எழுத்து அது. இன்று சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. மாமா வேண்டாம் என்றால் போடுவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தேன். அது எத்தனை கஷ்டமான முடிவு என்பது ஜெராக்ஸைப் பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது.

அது பெரும்புயலுக்கு மறுநாள் இதழ். டெலிபிரிண்டர் கம்பி அறுந்து உலகச் செய்தி நின்றுபோனது. ஆசிரியர் வெளியூரில் மாட்டிக்கொண்டார். ஊரெல்லாம் வெள்ளம், நிருபர்கள் அவரவர் வீட்டு மொட்டைமாடியில். அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் மாமா, அச்சுக்கோப்பவர், இயந்திரம் ஓட்டுபவர், அவ்வளவுதான். மேசைக்கு மேலே சுவரில், செய்தி சொல்லாததைத் தலைப்பு சொல்லக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கும். இப்போதும் இருக்கிறது, யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மாமா பார்த்தார். கையில் செய்தியே இல்லை. எனவே முதல் பக்கத்தின் முழு அகலத்துக்கும் இப்படிப் போட்டார்:

உலகில் நேற்று என்ன நடந்ததென்று தெரியவில்லை

அடியில் சின்ன எழுத்தில், 'தெரிந்ததும் சொல்கிறோம்.'

மற்றவையும் அதே ரகம். 'மழை நிற்கவில்லை: ஜன்னலைத் திறந்தவர் தகவல்.' 'காய்கறி விலை உயரவில்லை, காய்கறி வரவில்லை.' 'மேயர் நலம்: மாடியில் தென்பட்டார்.' விளையாட்டுப் பக்கத்தில், 'வெளியூர் ஆட்டத்தின் முடிவு ஆடியவர்களுக்குத் தெரியும்.' எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பக்கத்தில் இருந்தது: 'நூலகத்தில் நான்கு பசுக்கள் தஞ்சம், அமைதி காக்கின்றன.'

பனியில் ரயில் நின்றுபோக, முன்பின் தெரியாதவர்கள் ஒரே பெட்டியில் ரொட்டியைப் பங்கிட்டுக்கொள்ளும் தூரதேசத்து நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்துப் படித்து ஏங்குகிறவள் நான். அப்படி ஒரு நாள் எங்கள் அலுவலகத்திலேயே பழைய இதழ்களைக் கட்டிவைத்த தொகுதிக்குள் தூசி தின்றுகொண்டிருந்தது என்று நினைத்தபோது தலை கிறுகிறுத்தது.

மாமாவின் ஞாபகம் வேறு. அன்றிலிருந்து அவருக்கு 'உலகம்' என்று பெயர். உலகம் டீ குடிக்கப் போயிருக்கிறது, உலகத்துக்கு ஜலதோஷம், உலகம் இன்றைக்கு லீவு. இதெல்லாம் அவர் காதுபடவே சொல்வார்களாம். ஊர் திரும்பிய ஆசிரியர், முதல் பக்கத்திலிருந்து அவரைத் தூக்கிச் சந்தை நிலவரத்தில் போட்டார். ஓய்வு பெறும்வரை அவர் அங்கிருந்து மீளவில்லை. முதல் பக்கத்துக்கு ஒரு தலைப்புகூட அதற்குப் பிறகு அவர் போட்டதில்லை.

"அந்தத் தலைமுறை சிரிச்சு முடிச்சாச்சு," என்றார் மாமா. "இப்ப உன் வயசுப் பசங்க வேற புதுசா சிரிக்கணுமா?"

அதற்குள், துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை ஒரு தலையணை உறையோடு வந்து நின்றார். அந்தப் புயல் அவர்கள் கல்யாணத்துக்கு முந்தைய கதை. மாமா ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளாததால் அத்தை அந்த இதழைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் எந்தச் சண்டை வந்தாலும், உலகம் தெரியாதென்று பேப்பரிலேயே போட்டுக்கொண்ட மனுஷன் என்றுதான் முடிப்பார்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாகப் படித்தார். மேயரிடம் உதடு துடித்தது. பசுக்களிடம் வந்ததும் தலையணை உறையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா?" என்றார் மாமா என்னிடம். "இதுக்குத்தான் சொன்னேன்."

"சும்மா இருங்க," என்றார் அத்தை, கண்ணைத் துடைத்தபடி. "இவ்வளவு நல்லா எழுதுவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா? என்கிட்ட கத்திரிக்காய் விலைதானே சொன்னீங்க இத்தனை வருஷமா."

மாமா முதல்முறையாக ஜெராக்ஸைப் பார்த்தார்.

நான் பையிலிருந்து இன்னும் இரண்டு தாள்களை எடுத்தேன். ஒன்று, அதே நாளில் வந்த போட்டிப் பத்திரிகை. ஆயிரக்கணக்கானோர் ஆரவாரத்துக்கிடையே புதிய பாலம் திறக்கப்பட்டதாக அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. விழா நடக்கும் என்று நம்பி முதல்நாளே கோத்துவைத்த செய்தி. அந்தப் பாலம் அன்று முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருந்தது. ஊர் அதைப் பார்த்துச் சிரிக்காமல் மாமாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

இன்னொன்று, மாமாவின் இதழே, அடுத்த நாளுடையது. கம்பியை ஒட்டிவிட்டார்கள், ஆசிரியர் இன்னும் வந்து சேரவில்லை. முதல் பக்கத்தில், 'சொன்னபடி: முந்தாநாள் உலகில் நடந்தது இதுதான்.'

"இதையும் நீங்கதானே போட்டீங்க?"

"தெரிஞ்சதும் சொல்றோம்னு போட்டிருந்தோமே. சொல்லாம விட முடியுமா?"

இது ஒரு விஷயமா என்பது போலச் சொன்னார். அவரைக் கேலி செய்ய வரவில்லை, இப்படி ஒரு பேப்பர் மறுபடி கிடைக்குமா என்று எழுதவே வந்தேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். மாமா என் கையெழுத்துப் பிரதியை இழுத்து வைத்துக்கொண்டு படித்தார். ஓரிடத்தில் என் பேனாவை வாங்கி, 'மாபெரும்' என்ற சொல்லை அடித்தார். அடுத்த பக்கத்தில் இன்னொரு 'மாபெரும்'. அதையும் அடித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைசிப் பக்கம்வரை போனவர் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். அதன் உச்சியில் நான் விட்டிருந்த வெற்றிடத்தில் பேனா நின்றது.

"தலைப்பு எங்க?"

"இந்தத் தடவை இணைப்போட முதல் பக்கத்துலயே போடறாங்க மாமா. முழு அகலம்." ஜெராக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்தேன். "நீங்க போட்டுத் தர்றீங்களா?"