சின்னவளின் இடப்பக்கம்

மாஸ்டரம்மாவுக்கு இல்லாத இடத்தில் வலித்தது. புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்துவிட்டார்கள். தையல் போட்ட இடம் வலித்தால் அது நியாயம். இவளுக்கோ தையலுக்கு மேலே, வெறும் காற்றில், முன்பு மார்பின் நுனி இருந்த தூரத்தில் வலித்தது. தடவிக்கொடுக்கலாம் என்று கையைக் கொண்டுபோனால் கை காற்றைத் தாண்டி நேரே கட்டின் மேல் போய் இடித்தது. சிலருக்கு அப்படி இருக்கும், நரம்புக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். நரம்புக்கு யார் போய்ச் சேதி சொல்வார்கள் என்று மாஸ்டரம்மா கேட்கவில்லை.

விலாவில் செருகிய குழாயும் அதன் முனையில் தொங்கும் பிளாஸ்டிக் குடுவையுமாக வீட்டுக்கு வந்தாள். வீடு என்றால் கடையின் பின்னறை. முன்னால் தையல்கடை, அதன் பக்கவாட்டில் ஒரு சின்னச் சமையலறை, நடுவில் ஒரு திரை, பின்னால் கட்டில். புருஷன் துணி வெட்டுகிறவர். தெருவே அவரை மாஸ்டர் என்றது. கட்டியவளும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். கோட்டோ கவுனோ, அவர் வெட்டுவார், இவள் தைப்பாள்.

பார்த்துக்கொள்ள மாஸ்டரின் தங்கை வந்திருந்தாள். வாய் ஓயாத பெண். வெந்நீரால் தீராத நோய் உலகத்தில் கிடையாது என்பது அவள் கட்சி. குடுவையில் சேரும் சிவந்த நீரைக் கொட்டுவதும் கட்டைப் பிரித்துப் பார்ப்பதும் அவள் வேலையாயின. அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்குக் கடையில் ஏதாவது அவசரம் வந்துவிடும். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசினார், காலைப் பிடித்துவிட்டார். நடுவில் இருக்கிற இடத்துக்கு மட்டும் அவர் கண் வரவேயில்லை. மற்ற வலிகளையெல்லாம் மாத்திரை பார்த்துக்கொண்டது. இதற்கு மாத்திரை கிடையாது.

ஒரு காலை அந்தக் காற்று மார்பில் குத்தல் ஆரம்பித்தது. அக்குளுக்குக் கீழே ஒன்று, அதற்குச் சற்று மேலே ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஒரே இடைவெளியில் ஏறி வந்து நுனிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நோய்வலிக்கு இவ்வளவு ஒழுங்கு ஏது? காலமெல்லாம் மெஷினில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா என்ன? அது குண்டூசி வரிசை. துணியை ஒடுக்கிப் பிடிப்பு வைக்கிறவர்கள் குத்துகிற வரிசை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திரையை விலக்கினாள். மாஸ்டர் வாயில் ஊசிகளைக் கவ்வியபடி, சின்னவளின் இடப்பக்கத்தில் ஒரு கோட்டுக்குப் பிடிப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் கடையின் பொம்மை. தலையும் கைகாலும் இல்லாத வெறும் உடம்பு, மரக்கம்பில் நிற்கும். கடையில் விற்கிற பொம்மைக்கும் மனுஷிக்கும் சம்பந்தமே இல்லை என்று சலித்துக்கொண்ட மாஸ்டர், கல்யாணமான புதிதில் மனைவியைப் பழைய பனியனோடு நிற்கவைத்து, மேலே ஒட்டுத்தாளைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, முதுகில் வெட்டிக் கழற்றி, உள்ளே துண்டுத்துணி அடைத்துச் செய்தது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் ஒட்டுத்தாள் கிழிந்து மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் வருஷந்தோறும் மனைவிக்கு டேப் பிடித்துப் பார்த்து, அவள் சதை போட்ட இடத்தில் பொம்மைக்கும் பஞ்சு வைத்துத் தைப்பார். கடைக்கு வருகிற பெண்களின் அளவைக்கூட, சின்னவளைவிட இவ்வளவு கூட, இவ்வளவு குறைவு என்றுதான் மனதில் வைத்துக்கொள்வார். “உங்க சின்ன வீட்டைத் தூசி தட்டி வைங்க” என்று மாஸ்டரம்மாவே கேலி செய்யப்போய், அந்தப் பெயர் நின்றுவிட்டது.

மாஸ்டர் பட்டன் வாங்கப் போன ஒரு மத்தியானம் அவள் நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். மாத்திரை மயக்கம் என்றாள். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கடைக்கதவைத் தாழிட்டுவிட்டு, திரைக்கு அந்தப்பக்கம் போய்ச் சின்னவளைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.

அக்குள்கிட்டே என்றாள் மாஸ்டரம்மா, கட்டிலில் படுத்தபடி. சரி. இப்போது அடியில். அதுவும் சரி. இப்போது நீ தொடவேயில்லை, சும்மா நிற்கிறாய். அதுவும் சரியாகவே இருந்தது. திரைக்கு அந்தப்பக்கம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோனது.

பிறகு ஒரு முழுக் கை வந்தது. மார்பைக் கீழிருந்து ஏந்தி, எவ்வளவு கனம் என்று பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

“போதும், கையை எடு” என்றாள்.

“நான் இங்க இருக்கேன் அண்ணி” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. “வெந்நீர் வைக்க அப்பவே வந்துட்டேனே.”

கடையில் வேறு யாரும் இல்லை. கதவின் தாழ் போட்டபடியே கிடந்தது. அந்தக் கை இன்னும் சற்று நேரம் இருந்துவிட்டு, விரல் விரலாக விலகிப் போயிற்று. நாத்தனார் அன்று சாயங்காலம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமலிருந்ததுதான் மாஸ்டரம்மாவை அதிகம் பயமுறுத்தியது.

மாஸ்டரிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பெண்களும் முடிவு செய்தார்கள். அவர் சிரித்தாலும் தாங்காது, சிரிக்காவிட்டால் அதைவிடத் தாங்காது. தூசியால் தும்மல் வருகிறது என்று சாக்குச் சொல்லி, சின்னவளைப் போர்வையால் மூடி ஜன்னலோரம் தள்ளிவைத்தார்கள். மாஸ்டர் மறுபேச்சுப் பேசவில்லை. அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது போலிருக்கிறது.

குழாயை எடுத்த பிறகு தையலுக்குக் கீழே நீர் கோத்துக்கொண்டது. திரும்பிப் படுத்தால் உள்ளே தண்ணீர் அலம்புகிற மாதிரி இருந்தது. சிவந்தாலோ, சூடாக இருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே வந்துவிட வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சிவந்தது. தணல் பட்டதுபோல் எரிந்தது. நாத்தனார் ஓடிப்போய்ச் சின்னவளைத்தான் பார்த்தாள். ஜன்னல் வெயில் நேரே அதன் இடப்பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதை நிழலுக்கு நகர்த்தி, நனைத்த துண்டு ஒன்றைப் போட்டாள். எரிச்சல் அடங்கியது. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டவர்கள் மாதிரி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் சிவப்பு விலாவரை இறங்கியிருந்தது. நாத்தனார் துண்டை இன்னும் நன்றாக நனைத்தாள். மனுஷி எரிந்துகொண்டிருக்க, பொம்மைக்கு வைத்தியம் நடந்தது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கை வந்த மத்தியானம் அந்த வீட்டில் இருந்திருந்தால் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

கடைசியில் மாஸ்டரம்மாவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிற சத்தம் திரையைத் தாண்டிக் கேட்டது. மாஸ்டர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வந்தார், நெற்றியைத் தொட்டார், போர்வையோடு அவளை வாரித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சீழ் பிடித்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சத்தம் போட்டார். புண்ணைத் திறந்து, வடித்து, கையில் மருந்து ஏற்றினார்கள்.

அவளுக்கு நினைவு தெளிந்ததும் மாஸ்டர் கேட்டார், “இவ்வளவு ஆகிற வரைக்கும் ஏன் என்கிட்ட காட்டல?”

“நீங்க பார்க்கவே மாட்டேங்கறீங்களே மாஸ்டர். எப்படிக் காட்டுறது?”

அவள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். ஊசி, வெயில், கை எல்லாம். அவர் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் மத்தியானம், ஆஸ்பத்திரி வார்டில், அவளுக்குக் கத்தரிக்கோல் படுவது தெரிந்தது. சில்லென்ற இரும்பு. அடியிலிருந்து ஆரம்பித்து, நடுவில் எங்கேயும் நிறுத்தி எடுக்காமல், ஒரே வீச்சில் வளைந்து போனது. ஊரில் இப்படி வெட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். வலியில் கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டாள். வெட்டு முடிந்ததும் எல்லாம் ஓய்ந்தது. இல்லாத இடம் முதல்முறையாக இல்லாமல் இருந்தது. நிம்மதியில் அழுதாள், பிறகு அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது போர்வை இல்லாமல் நின்றாள் சின்னவள். இடப்பக்கம் தட்டையாக இருந்தது. குறுக்கே ஒரு தையல். டாக்டர் போட்ட தையலைவிட அது அழகாக இருந்தது.

“அது உன் அளவு. என்னைக்கும் உன் அளவுதான்” என்றார் மாஸ்டர். “இந்த வருஷம் எனக்குத்தான் கை வரல.”

அவள் அந்தத் தையலை விரலால் தடவினாள். தன் உடம்பில் எதுவும் தெரியவில்லை. எடுத்ததை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். துண்டுத்துணி மூட்டையில் போட்டிருந்தாராம். தலையணை செய்கிறவர் காலையில் வந்து, வழக்கம்போல் மூட்டையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்ததை என்ன செய்தார்கள் என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியபோது யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. இப்போது இதுவும் போயிற்று. இரண்டுக்கும் சேர்த்து அவள் அழுதாள், மாஸ்டர் தடுக்கவில்லை.

புண் ஆறி, கட்டும் போன பிறகு, ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவியதும் மாஸ்டர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லாமல் திரையை இழுத்து மூடினார். அவள் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். அவர் பார்த்தார். அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரை ஓடுகிற தழும்பை, கண்ணை எடுக்காமல், அவசரமில்லாமல் பார்த்தார். அவர் கண் கலங்கியது, ஆனால் திரும்பிக்கொள்ளவில்லை. டேப்பை அவள் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு முனையை அவள் விரலில் கொடுத்தார்.

அப்போது ஏதோ ஒன்று அவள் இடது மார்பின் மேல் வந்து சாய்ந்தது. தழும்பின் மேல் இல்லை, அதற்கு மேலே, காற்றில். உருண்டையாக, கனமாக, வெதுவெதுப்பாக. ஈரம் காயாத தலைமுடி. பிறகு கன்னத்தின் சூடு. சீரான மூச்சு.

“இழுக்காதீங்க மாஸ்டர்.”

“வலிக்குதா?”

“வலி இல்ல. யாரோ தலைவெச்சுப் படுத்திருக்காங்க. சின்னப் பிள்ளை போல இருக்கு. இப்பத்தான் கண்ணசருது.”

யார் என்று மாஸ்டர் கேட்கவில்லை. எந்த வீடு என்றும் கேட்கவில்லை. டேப்பின் முனையைப் பிடித்தபடி, தழும்பின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், அந்தப் பிள்ளை எழுந்திருக்கிற வரைக்கும் அசையாமல் நின்றார்.