நடு ஸ்பீக்கர் இல்லாத வீடு

"என்னடா சொல்றான் அவன்?" என்று ஊசியம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, மகன் படத்தை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். மருமகள் அவனைப் பார்த்தாள். அந்த இரண்டு பார்வைகளும் சந்தித்துப் பிரிவதற்குள் தன்னைப் பற்றி ஏதோ முடிவாகிவிட்டது என்று ஊசியம்மாவுக்குப் புரிந்துபோயிற்று.

"வீட்டை விக்கப் போறானாம்மா!" என்று மகன் தெருமுனைக்குக் கேட்கும்படி கத்தினான். மருமகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது.

ஊசியம்மா வேலை பார்க்கிற ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருநூற்றுப் பத்து தையல் மெஷின்கள். அத்தனைக்கும் சேர்த்து மெக்கானிக்குகள் மூன்று பேர். அதில் ஒரே பெண் அவள். ஊசியம்மா என்று பெயர் வைத்ததும் அங்கே தைக்கிற பெண்கள்தான். இருநூறு மெஷினும் ஒன்றாக இரைகிறபோது நடுவில் நின்று, எந்த வரிசையில் எது முரண்டு பிடிக்கிறது என்று விரலை நீட்டிவிடுவாள். முனை மழுங்கிய ஊசிக்கு ஒரு சத்தம், எண்ணெய் வற்றிய தண்டுக்கு ஒரு சத்தம். இருபத்தாறு வருஷமாகக் காதால் சம்பாதித்தவளுக்குத்தான் காது போய்விட்டது என்று வீட்டில் பேச்சு.

எல்லாம் அந்த டிஸ்க் பிளேயர் வந்த பிறகு. இழுத்து மூடப்போன ஒரு கடையில் பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், பெட்டி நிறையப் படங்கள் என்று மொத்தமாக அள்ளிவந்து, மகனே ஒயர் மாட்டி, ஏதேதோ பட்டனைத் தட்டி ஓட வைத்தான். அன்றிலிருந்து படத்தில் மழை காதைக் கிழித்தது, கார்கள் வீட்டுக்குள்ளேயே ஓடின. மனிதர்கள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து முனகினார்கள். மகனும் மருமகளும் எந்தப் படத்தையும் கீழே ஓடும் எழுத்தைப் படித்தே பார்த்துப் பழகியவர்கள். அவர்களுக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. கண்ணாடி போட்டாலும் அந்த வேகத்துக்கு ஊசியம்மாவால் படிக்க முடியாது.

முதலில் அவளே பயந்துதான் போனாள். வயது ஐம்பத்தேழு, இரைச்சலில் கழிந்த வாழ்க்கை. இருக்கலாம் என்று தோன்றியது. இரண்டு நாள் கம்பெனியில் யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு மெஷினாகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் மகன் தணிந்த குரலில் பேசினான். இப்போதெல்லாம் அவள் இருக்கும்போதே அப்படிப் பேசத் துணிந்திருந்தார்கள்.

"சூப்பர்வைசர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். காது கேக்காம மெஷின் பக்கத்துல நிக்கிறது ஆபத்துன்னேன். மாசக் கடைசியோட நிறுத்திக்கலாம்னாரு."

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" இது மருமகள்.

"கேட்டா ஒத்துக்குவாங்களா? அடுத்த மாசம் நீ வேலைக்குப் போகணும். பாப்பாவ யாரு பாத்துக்குவா?"

ஊசியம்மாவின் கையில் குழந்தையின் சட்டை அப்படியே நின்றது. நேராக உள்ளே போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம். எழுந்தும்விட்டாள். அப்போதுதான் மெக்கானிக் புத்தி குறுக்கே வந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இவன் குசுகுசுப்பது எனக்குக் கேட்கிறது. நாலடி தூரத்தில் படத்தில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினால் மட்டும் கேட்பதில்லை. அப்படியானால் பழுது எங்கே?

மறுநாள் காலை குழந்தைக்குத் தடுப்பூசி போட இருவரும் கிளம்பியதும், ஊசி முனை பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பிளேயர் முன்னால் உட்கார்ந்தாள். பெட்டியைத் திருப்பினாள். பின்னால் ஒலிக்கென்று ஆறு துளைகள். இரண்டில் ஒயர், நாலு காலி. அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்த கையேட்டை விரித்து, பொடி எழுத்தை வரி வரியாகப் படித்தாள். ஆறு ஸ்பீக்கர் முறையில் வைத்தால் பேச்சு அநேகமாக நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும் என்று போட்டிருந்தது. இந்த வீட்டில் நடு ஸ்பீக்கர் ஏது? மனிதர்கள் பேசியதெல்லாம் இத்தனை நாளும் ஒரு காலித் துளை வழியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"அடப்பாவி," என்றாள் வாய்விட்டு.

ரிமோட்டில் செட்டிங்ஸ், அதற்குள் ஆடியோ. ஆறிலிருந்து இரண்டுக்கு மாற்றினாள். கையோடு கையாக வீடியோ பக்கமும் போய்ப் பார்த்தாள். திரை வடிவம் பழைய சதுர டிவிக்கு வைத்திருந்தது. கதாநாயகன் பொன்னுக்கு வீங்கி வந்தவன் மாதிரி ஏன் இருந்தான் என்பதும் விளங்கியது. அகலத் திரைக்கு மாற்றியதும் கன்னம் வடிந்து ஆள் லட்சணமாக நின்றான்.

அவர்கள் திரும்பி வந்தபோது, "உக்காருங்க ரெண்டு பேரும்," என்றாள். எழுத்தை அணைத்துவிட்டு, வீட்டை விற்கப் போவதாக ஒருத்தன் சொல்கிற அதே காட்சியைப் போட்டாள். ஒரு மனிதக் குரல் கூடம் முழுக்க நிறைந்தது. மகனின் கை தானாக ரிமோட்டைத் தேடியது. "சவுண்ட் ஜாஸ்தியா இருக்கும்மா."

"ஜாஸ்தி இல்ல. இத்தன நாளா இல்லாதது வந்திருக்கு. ஆறுல வெச்சிருந்தத ரெண்டுக்கு மாத்தினேன்."

"நான் ஆறுதான் பெஸ்ட்டுன்னு..."

"ஆறு வைக்கணும்னா ஆறு ஸ்பீக்கர் வேணும்டா. உன் பொட்டி ஊமையா இருந்ததுக்கு என்னைச் செவிடாக்கிட்ட. அதோட விட்டியா? போன் போட்டு என் வேலைக்கும் உலை வெச்சுட்ட."

மகனின் முகம் சுண்டிப்போயிற்று. "அது எப்படி உனக்கு..."

"கேட்டுச்சு. இவ எனக்காகப் பேசினதும் கேட்டுச்சு." மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாப்பாவப் பாத்துக்க ஆள் வேணும்னு என்கிட்ட நேரா கேட்டிருந்தா உக்காந்து யோசிச்சிருப்பேன். ஷிப்ட் மாத்திக் கேட்டிருப்பேன். காது போச்சுன்னு ஊர்ல சொல்லிக் காரியம் சாதிக்கப் பாத்த பாரு, அதுக்கு நான் ஒரு நாள்கூட லீவு போட மாட்டேன்."

"வயசாகுதுல்லம்மா..."

"ஆகட்டும். அதை நான் சொல்றேன், எப்பன்னு."

திங்கட்கிழமை காலை ஊசியம்மா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மகன் போனும் கையுமாக வாசலில் நின்றான். "நீ போம்மா. மதியம் நிதானமா அவர்கிட்ட பேசிக்கிறேன்."

"இப்பப் பேசு. நான் கீழ இறங்குறதுக்குள்ள."

வேறு வழியில்லாமல் எண்ணைத் தட்டினான். அவள் மாடிப்படியில் இறங்கத் தொடங்கினாள். கதவோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகள் வந்து நின்றாள். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, மகன் சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "சார், அம்மா விஷயமா நான் அன்னிக்குச் சொன்னது..." என்று கிசுகிசுத்தான்.

ஊசியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனி இரைச்சலுக்கு நடுவே இன்னும் சத்தமாகப் பேசச் சொல்லிச் சைகை காட்டுவது போல, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை மேலே, இன்னும் மேலே என்று உயர்த்திக்கொண்டே படியிறங்கினாள்.