எழுதாத தவணை

1

“விலை இல்லாம ஒருத்தன் எப்படிகா போற?”

கேட்டவர் அழகரத்தினம் அண்ணன், கரடியனாற்று விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். இந்தக் கதை அவருடைய கேள்வியில்தான் பிறந்தது. இல்லை, அதற்கு முன் நான் வாயைத் திறந்ததில். [இந்த வரியைப் பிறகு பார்க்கவேண்டும்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் இரண்டாம் அடுக்கில்* ஆடும் ஒரு சின்னக் கழகம். ஒப்பந்தம் முடிகிற நாளில் ஒருவன் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு மழையில்—

விட்டுவிட்டேன். அது நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் பெய்த மழை.

* அதன் பெயர் ‘முதலாம் பிரிவு’. அதற்கு மேலே இன்னொன்று இருக்கிறதாம். எனக்கும் குழப்பம்தான்.

3

நடந்தது நேற்று. 1998 ஆடி.

நல்லரத்தினத்துக்குப் பத்தொன்பது வயது. இடதுகாலால் அவனைப்போல் அடிக்கக் கரடியனாற்றில் ஆளில்லை. இயக்கத்துக்குப் பிள்ளை கேட்டு வீடு வீடாக வரத் தொடங்கிவிட்டார்கள். வாவிக்கு இக்கரையில், ஆரையம்பதியில், எங்கள் கழகத்துக்கு ஆட வந்தானென்றால் அவன் திரும்பிப் போகத் தேவையில்லை. கரடியனாறு இயக்கத்தின் கையில்; வெளியே வர அவர்களுடைய பாஸ் வேண்டும். பாஸுக்கு அவனுடைய கழகத்தின் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு, ஆளை எடுக்கிற கழகம் ஒரு புதுப் பந்து கொடுப்பது வழக்கம்.

பந்தோடு சைக்கிளில் போனேன். காவலரணில் ஆமிக்காரன் காற்றை இறக்கி, அமுக்கிப் பார்த்துவிட்டுத் தந்தான். காற்றடிக்கிற பம்பை வைத்துக்கொண்டான்.

“பந்தா ரொட்டியாடா தம்பி இது?” அழகரத்தினம் அண்ணன் சிரித்துக்கொண்டே கடிதத்தை எழுதத் தொடங்கினார். இரண்டு வரி எழுதியும்விட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“இங்கிலாந்தில இப்ப ஆட்டக்காரனுக்கு விலையே இல்லண்ணன். ஒப்பந்தத் தவணை முடிஞ்சா ஆள் சும்மா போகலாம்.** லண்டன் றேடியோவில சொன்ன.”

பேனை நின்றது. அப்போதுதான் அந்தக் கேள்வி. பிறகு:

“அப்ப சின்னக் கழகமெல்லாம் என்னத்தத் தின்னுற? வளர்க்கிற நாங்க, கொண்டு போற நீங்க, அதுவும் சும்மா?” பந்தை என் பக்கம் தள்ளினார். “சரிகா, உன்ட சட்டப்படியே பாப்பம். நல்லரத்தினத்துட தவணை எங்க எழுதிக் கிடக்கு? எழுதாத தவணை எப்ப முடியிற?”

 ** இருபத்துநாலு வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தானாம். அந்த இடத்தில் றேடியோ இரைந்துவிட்டது.

4

முடிவு அ: அண்ணன் மனம் மாறுகிறார். [நம்ப முடியவில்லை. கெட்டவராக எழுதவும் கை வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.]

முடிவு ஆ: நல்லரத்தினம் வாவியில் இறங்கி நீந்துகிறான், கரையில் வெடிச்சத்தம்—

இல்லை. அவன் இப்போது உயிரோடு இருக்கிறான். ஒரு நல்ல வாக்கியத்துக்காக அவனைத் தண்ணீரில் இறக்கமாட்டேன்.

5

திரும்பும்போது நெல் வட்டை வரம்பால் ஓடிவந்து என் சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டார் சின்னத்தங்கம் மாமி, நல்லரத்தினத்தின் தாய். நாளை வியாழன், பாஸ் கொடுக்கிற நாள். இந்தக் கொப்பியில் கதைக்குப் பின்னால் ஒரே ஒரு வெற்றுத்தாள் மிஞ்சியிருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

“நீ கதை எழுதுற பிள்ளையாமே மனே. நடக்காததெல்லாம் நடந்த மாதிரி எழுதுவியாம். என்ட பிள்ளைக்கும் ஒரு தவணை எழுதி, அது முடிஞ்ச எண்டும் எழுதித் தாவன்?”